'இஸ்'ஸா 'ஆர்'ரா: விதி தெரிந்தும் கை தவறுவது ஏன்?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு செவிலியர் தங்கை கேட்டிருக்கும் கேள்வி இது. வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறார். அதில் ஒரு நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டும். "சப்ஜெக்ட்டுக்கும் வெர்புக்கும் பொருத்தம் என்று இருபது விதி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். கேட்டால் ஒப்பிப்பேன். எழுதும்போது மட்டும் தவறுகிறது. எங்கே கோட்டை விடுகிறேன்?" என்று கேட்டு, பயிற்சிக்காக எழுதிய ஐந்து வாக்கியங்களையும் அனுப்பியிருக்கிறார்.

முதலாவது, "தி ரிசல்ட்ஸ் ஆஃப் தி ப்ளட் டெஸ்ட் இஸ் நார்மல்." இரண்டாவது, "தி பேஷன்ட் ஹேவ் டூ டாட்டர்ஸ்." மூன்றாவது, "எவ்ரிபடி இன் தி ஃபேமிலி ஆர் வொரீட்." நான்காவது, "ஷி டஸ் நாட் டேக்ஸ் ஹெர் டேப்லெட்ஸ்." ஐந்தாவதில் முதலில் "தி பேஷன்ட், அலாங் வித் ஹெர் டாட்டர்ஸ், லிவ்ஸ் இன் குளச்சல்" என்று எழுதி, பிறகு 'லிவ்ஸ்' என்பதை அடித்துவிட்டு 'லிவ்' ஆக்கியிருக்கிறார்.

நாகர்கோவிலில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ட்யூஷன் எடுக்கிறேன். இந்த ஐந்து தவறும் எனக்குப் பழைய சிநேகிதர்கள். இவை ஆங்கிலம் தெரியாததால் வருகிற தவறுகள் இல்லை, தங்கச்சி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீங்கள் சரியாகப் பேசுகிற ஒரு தமிழ் வாக்கியம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் இருபது விதியைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவது நமக்குப் புதிதே அல்ல. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று வினையின் வாலைப் பார்த்தே ஆள் யார், ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்று சொல்லிவிடுகிறோம். இதில் தவறினால் 'வழு' என்று தமிழ் இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலே இந்தப் பொருத்தத்தைப் பற்றியதுதான். அந்த நூலைக் கேட்டு ஆராய்ந்தவர் அதங்கோட்டாசான் என்று அதன் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு விளவங்கோட்டுப் பக்கத்து ஊர்தான் என்பது நம் ஆட்களுக்கு உள்ள பெருமை. ஆக, உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்ச் சமாச்சாரம் இது.

களியக்காவிளையைத் தாண்டிப் பாருங்கள். மலையாளத்தில் ஞான் போயி, நீ போயி, அவன் போயி, அவர் போயி. யார் போனாலும் 'போயி'தான். வினைக்கு எழுவாயைப் பற்றிய கவலையே இல்லை. ஆங்கிலம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதுவும் மலையாளத்துப் பக்கமாகச் சாய்ந்து. ஐ வென்ட், ஹி வென்ட், தே வென்ட். இறந்தகாலத்தில் 'வாஸ்', 'வேர்' தவிர எதுவும் மாறாது. எதிர்காலத்தில் 'வில்' வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒன்றுதான். 'கேன்', 'மஸ்ட்', 'ஷுட்' எதற்கும் வால் கிடையாது. மிஞ்சுவது நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் மூன்றுக்கும் வரும் ஒரே ஒரு 'ஸ்', அப்புறம் ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், ஹாஸ், ஹேவ், டஸ், டூ. மொத்தக் கடையும் இவ்வளவுதான்.

அந்த 'ஸ்' கொஞ்சம் குசும்பு பிடித்தது. பெயரில் ஒட்டினால் பன்மை, வினையில் ஒட்டினால் ஒருமை. "தி நர்ஸ் வர்க்ஸ்", ஆனால் "தி நர்ஸஸ் வர்க்". பெயர் எடுத்துக்கொண்டால் வினைக்கு இல்லை, வினை எடுத்துக்கொண்டால் பெயருக்கு இல்லை. வழக்கமான பெயர்ச்சொற்களுக்கு இது நல்ல கைக்கணக்கு. 'சில்ட்ரன்', 'பீப்பிள்' போன்றவற்றுக்குச் சரிவராது. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் நம்மைப்போல நிறைய வால்கள் இருந்தன. நம் மாவட்டத்தில் பல வீட்டுச் சுவர்களில் 23ஆம் சங்கீதம் ஆங்கிலத்தில் தொங்கும். அது 1611இல் வந்த மொழிபெயர்ப்பாக இருந்தால் 'மேக்கெத்', 'லீடெத்' என்று இருக்கும். அந்த 'எத்' இன்றைய 'ஸ்' வேலையைத்தான் பார்த்தது. இங்கிலாந்தின் வடக்கே பேச்சில் இருந்த 'ஸ்' மெல்லத் தெற்கே இறங்கி அதைத் தள்ளிவிட்டது.

சரி, உங்கள் முதல் வாக்கியத்துக்கு வருவோம். பெரும்பாலான மார்க் இங்கேதான் போகிறது.

'இரத்தப் பரிசோதனையின் முடிவுகள்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தச் சொல், முடிவுகள், கடைசியில் வருகிறது. அதைச் சுற்றிய விவரமெல்லாம் முன்னால் போய்விடும். 'நேற்றுக் காலை குளச்சலில் கரையேறிய வள்ளங்களில் இருந்த மீன்' என்று எவ்வளவு நீட்டினாலும், தலைச்சொல் 'மீன்' வாலில்தான் நிற்கும், வினைக்கு ஒட்டினாற்போல. பிறந்ததிலிருந்து நம் காது அப்படிப் பழகியிருக்கிறது: வினைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்தான் முதலாளி.

ஆங்கிலத்தில் முதலாளி முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார். "தி ரிசல்ட்ஸ்" என்று சொல்லிவிட்டு, எதன் ரிசல்ட்ஸ் என்ற விவரத்தை 'ஆஃப்' போட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவார்கள். வினைக்குப் பக்கத்தில் 'டெஸ்ட்' நிற்கிறது. அது வேலைக்காரன். நம் தமிழ்க் காது அதை முதலாளி என்று நினைத்து 'இஸ்' போட்டுவிடுகிறது. 'ரிசல்ட்ஸ்'தான் தலை, ஆகவே "ஆர் நார்மல்".

இதை வகுப்பில் கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலத்தை வைத்துச் சொல்லித் தருவேன். 2024 டிசம்பர் கடைசியில் திறந்த பாலம். "தி ப்ரிட்ஜ் பிட்வீன் தி டூ ராக்ஸ்" வரை பலகையில் எழுதிவிட்டு, 'இஸ்'ஸா 'ஆர்'ரா என்று கேட்பேன். பாதி வகுப்பு 'ஆர்' என்று கத்தும். பாறை இரண்டு, அதுவும் கடைசியில் நிற்கிறது. "எது 77 மீட்டர் நீளம், பாறையா பாலமா?" என்று கேட்டால் உடனே அடங்கிவிடும். "இஸ் 77 மீட்டர்ஸ் லாங்." அப்படியே திருப்பி மாத்தூருக்குப் போனால், "தி பில்லர்ஸ் ஆஃப் தி மாத்தூர் அக்வடக்ட்" என்பதற்கு 'ஆர்'. தொட்டிப்பாலம் ஒன்றுதான், உயரமாக நிற்பவை தூண்கள்.

எழுவாயைக் கண்டுபிடிக்க ஆறாம் வகுப்பில் தமிழ் ஆசிரியர் சொல்லித் தந்த வழிதான் இங்கேயும்: வினையைப் பிடித்து யார், எது, எவை என்று கேளுங்கள். நார்மலாக இருப்பது எது? டெஸ்ட்டா, ரிசல்ட்ஸா? பதில் கிடைத்ததும் 'ஆஃப்', 'இன்', 'பிட்வீன்', 'வித்' என்று தொடங்கும் துண்டை விரலால் மறைத்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் இந்தச் சறுக்கல் உண்டு. பக்கத்துப் பெயர் வினையைத் தன் பக்கம் இழுப்பதை மொழியியலில் ஈர்ப்பு என்றே சொல்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹாஃப், சம், மோஸ்ட், ஆல், எ லாட், சதவீதம் மாதிரி அளவு சொல்லும் சொல் முன்னால் நின்றால், அவர் பேருக்குத்தான் முதலாளி. 'ஆஃப்'புக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துத்தான் வினை. "ஹாஃப் ஆஃப் தி மில்க் இஸ்", "ஹாஃப் ஆஃப் தி பனானாஸ் ஆர்". ஒரு மட்டி வாழைக் குலையில் பாதிப் பழம் பழுத்தால் 'ஆர்', ஒரே பழத்தில் பாதி அழுகினால் 'இஸ்'. "எ நம்பர் ஆஃப் பேஷன்ட்ஸ் ஆர்", ஆனால் "தி நம்பர் ஆஃப் பேஷன்ட்ஸ் இஸ்". முதலாவது 'பல நோயாளிகள்', இரண்டாவது 'நோயாளிகளின் எண்ணிக்கை'. தமிழாக்கிப் பார்த்தாலே வித்தியாசம் வெளியே வந்துவிடும்.

இரண்டாவது வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்த தவறு. "தி பேஷன்ட் ஹேவ் டூ டாட்டர்ஸ்." நோயாளி ஒருவர்தான், அது உங்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அப்படியிருந்தும் 'ஹேவ்' ஏன் வந்தது? தமிழில் சொல்லுங்கள்: 'நோயாளிக்கு இரண்டு மகள்கள் இருக்கிறார்கள்.' இருக்கிறார்கள் என்ற வினை யாரோடு பொருந்துகிறது? மகள்களோடு. நோயாளி 'க்கு' உருபை மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார், அவர் எழுவாயே இல்லை. தமிழில் நீங்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அதே பன்மையை ஆங்கிலத்துக்கும் எடுத்துக்கொண்டு போனதுதான் சிக்கல். ஆங்கிலத்தில் உடையவர்தான் எழுவாய், அவர் எத்தனை பேரை உடையவர் என்பது வினைக்குத் தேவையில்லாத கணக்கு. ஒரு மகளானாலும் ஏழு மகளானாலும் "ஷி ஹாஸ்". எனக்கு, அவனுக்கு, அப்பாவுக்கு என்று 'க்கு'வில் தொடங்கும் வாக்கியம் மனதில் ஓடினால் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

நோயாளியைப் பற்றி எழுதும்போது இன்னொன்றும் நடக்கும். நாம் 'டாக்டர் வந்திருக்காங்க' என்போம், 'அந்த அம்மா சொன்னாங்க' என்போம். மரியாதைக்காக ஒருவரைப் பலராக்கிவிடுவோம். நம் இலக்கணம் இதை வழுவமைதி என்று ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தில் "டாக்டர் ஹேவ் கம்" என்றால் யாரும் அமைதி அடைய மாட்டார்கள். எவ்வளவு பெரிய மனிதரானாலும் ஒருவர் என்றால் 'ஹாஸ்'. வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலத்துக்கும் இந்த மரியாதைப் பன்மை ஒருகாலத்தில் இருந்தது. 'நீ'க்கு 'தௌ', 'நீங்கள்' என்பதற்கு 'யூ'. மரியாதை கூடிக்கூடி 'யூ' எல்லோருக்கும் ஆகி, 'தௌ' வழக்கொழிந்தது. அதனால்தான் எதிரே ஒரே ஆள் நின்றாலும் இன்றும் "யூ ஆர்".

மூன்றாவது, எவ்ரிபடி. 'வீட்டில் எல்லாரும் கவலையாக இருக்கிறார்கள்' என்ற தமிழ்தான் அந்த 'ஆர்'ருக்குக் காரணம். 'எவ்ரிபடி'யை 'எல்லாரும்' என்று மொழிபெயர்த்து வைத்திருப்பதை மாற்றி 'ஒவ்வொரு ஆளும்' என்று வையுங்கள். எவ்ரிபடி, எவ்ரிஒன், சம்படி, நோபடி, ஈச் எல்லாம் ஒரு தலையை மட்டும் எண்ணும் சொற்கள். 'ஒன் ஆஃப்' என்பதும் இந்தக் குடும்பம்தான். "ஒன் ஆஃப் ஹெர் டாட்டர்ஸ் வர்க்ஸ் இன் மஸ்கட்." டாட்டர்ஸில் 'ஸ்' உண்டு, வர்க்ஸிலும் உண்டு; பலர் இரண்டில் ஒன்றைக் கட்டாயம் விட்டுவிடுவார்கள்.

நான்காவது சின்ன விஷயம். "டஸ் நாட் டேக்ஸ்." 'டேக்ஸ்'ஸில் இருந்த 'ஸ்' ஏற்கனவே 'டஸ்'ஸுக்குக் குடிபோய்விட்டது. ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு கிடையாது. "டஸ் நாட் டேக்." கேள்வியிலும் அப்படியே: "டஸ் ஷி டேக்?"

நீங்கள் அனுப்பாத ஒரு தவறு, ஆனால் கட்டாயம் செய்வீர்கள்: "தேர் இஸ் டூ வூண்ட்ஸ் ஆன் ஹெர் லெக்" மாதிரி. நம் பேச்சில் அஃறிணைக்குப் பன்மை வினையே கிடையாது. 'பின்னால நாலு மூடு தென்னை நிக்குது', 'காய்ச்சலும் சத்தியும் (வாந்தியும்) இருக்கு'. நிற்கின்றன, இருக்கின்றன என்பதெல்லாம் பரீட்சைத் தாளில் மட்டும். எண்ணைச் சொல்லிவிட்டால் பெயருக்குக்கூட 'கள்' போட மாட்டோம்: பத்து தேங்காய், மூணு நாள், ரெண்டு மாத்திரை. ஆகவே ஆட்களைப் பற்றி எழுதும்போது சரியாக எழுதுகிறவர்கள்கூட, பொருளையும் நோயையும் பற்றி எழுதும்போது ஒருமையில் விழுந்துவிடுகிறார்கள். மாத்திரை, காயம், வலி, அறிகுறி என்று அஃறிணை வருகிற இடங்களில் மட்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள். "டூ டேப்லெட்ஸ் ஆர் கிவன் அட் நைட்."

ஆனால் மொத்தமாக ஓர் அளவைச் சொன்னால் ஒருமை. "ஃபைவ் ஹண்ட்ரட் மில்லிகிராம்ஸ் இஸ் தி யூஷுவல் டோஸ்." இங்கே ஐந்நூறு தனித்தனிப் பொருள் இல்லை, ஒரே ஒரு டோஸ்தான். "த்ரீ வீக்ஸ் இஸ் எ லாங் டைம்" என்பதும் அதே கணக்கு.

உங்கள் தொழிலுக்கென்று சில சொற்கள் பொல்லாதவை. டயபெட்டீஸ், மீசில்ஸ் இரண்டும் 'ஸ்' சத்தத்தில் முடிந்தாலும் ஒருமை, "டயபெட்டீஸ் இஸ்". 'பாக்டீரியா' 'ஸ்' இல்லாமலே பன்மை, ஒருமை 'பாக்டீரியம்'. 'டயக்னோசிஸ்' ஒன்று, 'டயக்னோசீஸ்' பல. உச்சரிப்பில் கடைசி 'சி' 'சீ' என்று நீள்வதுதான் அடையாளம். 'போலீஸ்' எப்போதும் பன்மை. 'டீம்', 'ஸ்டாஃப்', 'ஃபேமிலி' மூன்றையும் பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு விதமாகவும் எழுதுவார்கள், அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒருமை. நீங்கள் ஒருமை என்று முடிவு செய்து கடிதம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தியில் 'இஸ்', அடுத்த பத்தியில் 'ஆர்' என்பதுதான் திருத்துகிறவர் கண்ணை உறுத்தும்.

கடைசியாக ஐந்தாவது. அதற்கு முன்னால் என் கதை ஒன்று.

ட்யூஷன் தொடங்கி இரண்டாவது வருடமோ என்னவோ, பெரியப்பா மகள் கல்யாணம். பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தை எழுதும் பொறுப்பு, வீட்டில் இங்கிலீஷ் வாத்தியார் என்பதால், எனக்கு வந்தது. பழைய பத்திரிகை ஒன்றைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அதில் பெண்ணின் அப்பா பெயர் மட்டும் இருந்தது, 'ரிக்வெஸ்ட்ஸ்' என்று இருந்தது. நான் பெரியப்பா பெயரோடு பெரியம்மாவையும் சேர்த்து 'மிஸ்டர் அண்ட் மிஸஸ்' ஆக்கினேன், 'ரிக்வெஸ்ட்ஸ்' என்பதை அப்படியே விட்டுவிட்டேன். ஐந்நூறு பத்திரிகை அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டது. கல்யாணத்தன்று பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து, கடைசி 'ஸ்'ஸைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருந்ததைக் காட்டினார். "மக்ளே, பெரியம்மாளக் கூட்டியாச்சு, இவன எதுக்கு இன்னும் வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு அடைப்பிரதமனில் கை வைத்தார். எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

'அண்ட்' என்பது நம் 'உம்'. பெரியப்பாவும் பெரியம்மாவும் அழைக்கிறார்கள். இரண்டு பேர், ஆகவே பன்மை, வினைக்கு 'ஸ்' இல்லை. ஆனால் 'அலாங் வித்', 'டுகெதர் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' இவையெல்லாம் நம் 'ஓடு'. 'பெரியப்பா பெரியம்மாவோடு வந்தார்' என்றால் தமிழிலும் வினை பெரியப்பாவுக்குத்தான். பெரியம்மா கூட வந்தவர். தமிழும் ஆங்கிலமும் கைகோத்து நடக்கிற இடம் இது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லும்போது 'உம்' வருகிறதா 'ஓடு' வருகிறதா என்று மட்டும் பாருங்கள், வேறு விதி வேண்டாம். 'ஐதர்... ஆர்', 'நீதர்... நார்' வந்தால் மட்டும் வினைக்குப் பக்கத்தில் இருப்பவரைக் கவனியுங்கள்: "நீதர் தி டாக்டர் நார் தி நர்ஸஸ் வேர் தேர்." ஆங்கிலத்தில் நம் தமிழ்க் காது சொல்கிறபடி நடக்கும் அபூர்வமான இடம். அங்கே தாராளமாகக் காதை நம்பலாம்.

இப்போது 'தி பேஷன்ட், அலாங் வித் ஹெர் டாட்டர்ஸ்' என்பதைச் சொல்லிப் பாருங்கள். நோயாளி தன் மகள்களோடு குளச்சலில் வசிக்கிறார். 'ஓடு' வந்துவிட்டது, வசிப்பவர் ஒருவர். நீங்கள் முதலில் எழுதிய 'லிவ்ஸ்'தான் சரி. அடித்ததை மறுபடி எழுதிவிடுங்கள்.